தவிலைத் தேடி வந்த டிரம்ஸ் கலைஞர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் ஒரு புலவரைப் பற்றியோ, ஒரு தலைவரைப் பற்றியோ பேசுவதே வழக்கம். யான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று வேறானது. ஒரு முழவுக் கலைஞரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மேலை நாட்டு டிரம்ஸ் கருவியில் கைதேர்ந்து, ராக் இசையிலும் ஜாஸ் இசையிலும் பெயர் பெற்று, பின்னர் நம் தவிலைக் கற்றுக்கொண்டு, அந்தத் தவிலையே உலக அரங்கிற்குத் தோளில் சுமந்து சென்றவர் அவர். பெயர் ரமேஷ் ஷோத்தம். பிறந்தது சென்னையில், 1948-ஆம் ஆண்டில். கலைஞராக உருவானது நாம் வாழ்கின்ற இந்தப் பெங்களூரில்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நம் குடியிருப்பில் இன்று பல இல்லங்களில் ஒரே வழக்கு நடக்கிறது. பிள்ளை டிரம்ஸ் வகுப்பில் சேர வேண்டும் என்கிறான். தந்தை, 'அது சோறு போடுமா?' என்கிறார். பாட்டி, 'தட்டத்தான் வேண்டுமென்றால் மிருதங்கம் கற்கட்டுமே' என்கிறார். தவில் என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை. இந்த வழக்கிற்கு ரமேஷ் ஷோத்தம் அவர்களின் வாழ்க்கை ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை உங்கள் முன் நிறுத்துவதே என் நோக்கம்.

முதலில் டிரம்ஸ் என்பது எத்தகைய கருவி என்று பார்ப்போம். பெங்களூர்த் தண்டில் வாழ்ந்த நம் முன்னோருக்கு அது முற்றிலும் புதியதன்று. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்த பிறகு, படையோடும் படையைச் சார்ந்த தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழர் பலர். படையின் வாத்தியக் குழுவில் பெரிய முழவை ஒருவர் வயிற்றின்மேல் தாங்கி அடிப்பார். சிறிய முழவை மற்றொருவர் இடுப்பில் மாட்டி இரு கோல்களால் வாசிப்பார். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் இத்தகைய ஊர்வலக் குழுக்களே இருந்தன. அவை தெருவைவிட்டு அரங்கிற்குள் நுழைந்தபோது, பல கருவிகளையும் ஒருவரே உட்கார்ந்து வாசிக்கும் வழியைத் தேடினர். 1909-ஆம் ஆண்டில் லுட்விக் என்பவர் செய்த கால்மிதி அதற்குத் துணை செய்தது. பெரிய முழவு காலுக்குச் சென்றது. கைகள் விடுதலை பெற்றன. வலக்கால் ஒன்று சொல்ல, இடக்கால் மற்றொன்று சொல்ல, இரு கைகளும் வேறு வேறு சொல்ல, நான்கும் கூடி ஒரே நடையாக ஒலிப்பதே டிரம்ஸ். நான்கு உறுப்புகளும் ஒன்றையொன்று இடறாமல் இயங்குவதற்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். 'சும்மா தட்டுவது' என்று நாம் சொல்லும் செயலுக்குப் பின்னே இத்துணை உழைப்பு இருக்கிறது.

அக்கருவியை இளமையில் தாமே முயன்று பழகியவர் ரமேஷ். 1970-களில் அவரும் அவருடைய உடன்பிறந்தாரான கித்தார்க் கலைஞர் சுரேஷும் இடம்பெற்ற 'ஹியூமன் பாண்டேஜ்' என்னும் ராக் குழு, பெங்களூரிலும் நாட்டின் பிற நகரங்களிலும் இளைஞரிடையே பெயர் பெற்றது. பின்னாளில் இந்நகரின் ஜாஸ் பாடகியாக அறியப்பட்ட ராதா தாமஸ் அக்குழுவில் பாடியவர்.

ஒரு நல்ல ராக் குழுவில் பெயர் பெற்ற இளைஞருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கைதட்டல் இருக்கிறது, மேடை இருக்கிறது. மேலை இசைத்தட்டுகளைக் கேட்டு அவற்றைப் போலவே வாசித்துக் காலம் கழித்திருக்கலாம். அவ்வாறு கழித்தவர் பலர். ரமேஷ் அவர்கள் வேறு வழியில் சென்றார். மாணவராக மாறினார், பெங்களூரிலிருந்த கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியின் படியேறினார்.

அக்கல்லூரியைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். மிருதங்க வித்துவான் டி. ஏ. எஸ். மணி அவர்கள் 1964-ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. அவருடைய துணைவியார் ஆர். ஏ. ரமாமணி சிறந்த பாடகர். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், தவில், கொன்னக்கோல் என்று தென்னாட்டுத் தாளக்கலை முழுவதையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கும் முயற்சியாக அது வளர்ந்தது. கற்பித்ததோடு நில்லாமல், வெளிநாட்டுக் கலைஞர் வந்து தங்கிப் பழகும் இல்லமாகவும் விளங்கியது. ஜெர்மனியிலிருந்து பேருந்திலேயே நிலவழியாக இந்தியா வந்த 'எம்பிரியோ' என்னும் குழு, இக்கல்லூரியின் கலைஞரோடு கூடி வாசித்த இசைத்தட்டு 1980-இல் வெளிவந்தது. சார்லி மரியானோ என்னும் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் இவர்களோடு வாசித்த 'ஜோதி' 1983-இல் மியூனிக் நகரத்து இ. சி. எம். நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. வீதி தெரியாத ஒருவர் நம் ஊருக்கு வந்து நம் கல்லூரியைத் தேடிப் பிடித்தார். அதே வீதியில் நாள்தோறும் பேருந்தில் சென்ற நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப் பலகையைப் படித்திருப்போம்?

இக்கல்லூரியில் ரமேஷ் அவர்கள் கடம், கஞ்சிரா, மோர்சிங் முதலியவற்றையும் பயின்றார். ஆயினும் அவர் தமக்கெனச் சிறப்பாகக் கொண்ட கருவி தவில்.

தவில் எளிய கருவியன்று. பலாமரத்தைக் குடைந்து செய்த உடல், இருபுறமும் தோல், தோலை இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள். இடப்பக்கத்தைப் பூவரசங்கட்டையால் ஆன தடித்த குறுங்கோலால் அடிப்பர். வலப்பக்கத்தை விரல்களால் வாசிப்பர். துணியையும் பசையையும் சுற்றி இறுக உலர்த்திய கூடுகளை விரல்களில் மாட்டிக்கொள்வர். ஆக, ஒரு கையில் கோல், மறு கையில் விரல். இரண்டு கைகளுக்கும் இரண்டு இலக்கணங்கள். இரு கைகளிலும் கோல் பிடித்துப் பழகிய டிரம்ஸ் கலைஞர் இதற்கு வரும்போது, வலக்கைக்கு மீண்டும் அரிச்சுவடியிலிருந்து பாடம் தொடங்க வேண்டும். பெயர் பெற்ற பின்னர் அரிச்சுவடிக்குத் திரும்பும் மனம் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அவருடைய திறமையை விடவும் யான் பெரிதாக மதிப்பது இந்த மனத்தையே.

கைக்கு முன்னால் வாய் பழக வேண்டும் என்பது நம் மரபு. தகிட என்றால் மூன்று. தகதிமி என்றால் நான்கு. தகதகிட என்றால் ஐந்து. தகிட தகதிமி என்றால் ஏழு. சொல்லாகச் சொல்லத் தெரிந்ததே கையில் வரும். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் 32 மாத்திரை. இதில் ஐந்தின் சொல்லை ஆறு முறை வைத்தால் 30. இரண்டு மாத்திரை மௌனம் விட்டால் கணக்குச் சரியாகச் சமத்தில் வந்து விழும். எந்த இடத்தில் அந்த மௌனத்தை வைப்பது என்பதிலேதான் கலைஞனின் சுவை தெரியும். குழந்தையும் இந்தக் கணக்கைச் சொல்லி விளையாடலாம். மேதையும் வாழ்நாள் முழுதும் இதில் மூழ்கலாம்.

இக்கணக்கு, ஜாஸுக்கும் ராக்குக்கும் எவ்வாறு துணை செய்கிறது என்று கேட்பீர்கள். ராக் இசையின் அடிப்படை நடை நான்கு. இரண்டாம் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் சிறுமுழவு ஓங்கி ஒலிக்கும். கேட்போர் கால் தானே தாளமிடும். ஜாஸ் இசையின் பழைய நடையில் ஒவ்வோர் அடியும் உள்ளுக்குள்ளே மூன்றாகப் பகுபடும். நடுப்பகுதி மௌனமாக நிற்க, முதலும் மூன்றும் ஒலிக்கும். ஊஞ்சல் ஆடுவது போன்ற அந்த அசைவை நம்மவர் கேட்டால், 'இது திஸ்ர நடையின் சாயல்' என்பர். பெயர்தான் வேறு, எண்ணிக்கை உலகப் பொதுச்சொத்து. ஐந்தையும் ஏழையும் தாய்மொழிபோல் நாவில் வைத்திருக்கும் ஒருவர் எந்த நாட்டு இசைக்குழுவில் அமர்ந்தாலும் வழி தவறமாட்டார்.

1980-களில் ரமேஷ் அவர்கள் ஐரோப்பா சென்றார்; ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள கொலோன் நகரைத் தம் வாழிடமாகக் கொண்டார். அங்கே அவர் டிரம்ஸ் வாசிப்பவராக மட்டும் இருந்திருந்தால், பல நூறு பேரில் ஒருவராக இருந்திருப்பார். டிரம்ஸும் தெரிந்து, தவிலும் கடமும் கஞ்சிராவும் மோர்சிங்கும் தெரிந்தவராக இருந்தமையால், அவருக்கென்று ஓர் இருக்கை கிடைத்தது.

அவ்விருக்கையின் மதிப்பைக் காட்ட ஒரு சான்று போதும். ரபி அபூ கலீல் என்பவர் லெபனான் நாட்டில் பிறந்து, உள்நாட்டுப் போரினால் பெய்ரூட்டைவிட்டு ஜெர்மனி சென்ற ஊத் கலைஞர். ஊத் என்பது அரபு நாட்டு யாழ் எனலாம். 'அல் ஜதீதா'வும், 1992-இல் வெளிவந்த 'புளூ கேமல்'உம் அவருடைய இசைத்தட்டுகள். இரண்டிலும் ரமேஷ் ஷோத்தம் வாசித்திருக்கிறார். 'புளூ கேமல்' குழுவை எண்ணிப் பாருங்கள். லெபனான் நாட்டவர் ஊத் வாசிக்கிறார். கனடாவில் பிறந்த கென்னி வீலர் எக்காளம். அமெரிக்கரான ஸ்டீவ் ஸ்வாலோ அடித்தந்தி கித்தார். சார்லி மரியானோ சாக்சபோன். மில்டன் கார்டோனா கியூபா நாட்டு மரபின் கொங்கா முழவு. நபீல் கையாத் அரபுப் பறைகள். அவர்களிடையே சென்னையில் பிறந்து பெங்களூரில் பயின்ற நம்மவர். தாளக்கருவியினர் மூவர் அருகருகே அமரும்போது, மூவரும் முழங்கினால் இசை கெட்டுவிடும். ஒருவர் சொல்ல மற்றவர் இடம்விட வேண்டும். அந்த இசைத்தட்டைக் கேட்போர் இந்த இடம்விடுதலை உணரலாம்.

ஈண்டு சிலப்பதிகாரத்தை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள், ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழோன் ஆகியோருடன் தண்ணுமை ஆசிரியனுக்கும் இலக்கணம் வகுக்கிறார். யாழும் குழலும் பாடுவோர் குரலும் ஒலிப்பதைச் செவி கொடுத்துக் கேட்டு, குறைந்த இடத்தை நிரப்பி, மிகுந்த இடத்தை அடக்கி, தன் ஒலி மிகைபடாமல் நடத்துபவனே தண்ணுமையில் வல்லவன் என்பது அதன் கருத்து. அதற்கு உரையெழுதிய அடியார்க்கு நல்லார் ஏறத்தாழ முப்பது தோற்கருவிகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். இன்று ஓர் அமெரிக்க ஜாஸ் ஆசிரியரிடம் சென்று, 'நல்ல டிரம்ஸ் கலைஞர் யார்?' என்று கேட்டால், 'மற்றவரைக் கேட்பவர்' என்றே விடை வரும். பல துறை வல்லமை என்பது பல கருவிகளை வீட்டில் வாங்கி வைப்பதன்று. எந்த அவையில் அமர்ந்தாலும் அந்த அவையைக் கேட்கத் தெரிவதே அது.

சார்லி மரியானோ அவர்களின் கதையும் இத்தோடு சேர்ந்தது. 1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1960-களில் மலேசிய வானொலி இசைக்குழுவோடு பணியாற்றச் சென்றபோது அங்கே நாதசுவரத்தைக் கேட்டார். கேட்டதும் மனத்தைப் பறிகொடுத்தார். பின்னர்த் தென்னாடு வந்து அதனை முறையாகப் பயின்றார். கடல் கடந்து குடியேறிய தமிழர், தோட்டக்காட்டிலும் நகரத்திலும் கோயில் எழுப்பி, அக்கோயிலில் நாதசுவரம் ஒலிக்கச் செய்யாதிருந்தால், அந்த ஒலி அவர் செவியை எட்டியிருக்குமா? குடியேறிய தமிழர் தம் கலையைக் கைவிடாது வைத்திருப்பதன் பயன் தமிழரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இது சான்றாகும். நாதசுவரம் கற்ற அமெரிக்கரும் தவில் கற்ற டிரம்ஸ் கலைஞரும் பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்தனர். 1998-இல் மரியானோ வெளியிட்ட இசைத்தட்டுக்கு 'பெங்களூர்' என்றே பெயர். 2009-இல் அவர் மறைந்ததும் அதே கொலோன் நகரில்தான். ரமேஷ் அவர்கள் தாம் அமைத்த குழுவுக்கு 'மெட்ராஸ் ஸ்பெஷல்' என்று பெயரிட்டார். பிறந்த ஊரை ஒருவர் எவ்வளவு தொலைவு கொண்டு செல்லலாம் என்பதற்கு அந்தப் பெயர் ஓர் அளவுகோல்.

நம்மவரில் இப்பாதையில் சென்றவர் இவர் ஒருவரே அல்லர். கடம் என்னும் மண்பானையை உலக மேடையில் ஒலிக்கச் செய்த விக்கு விநாயக்ராம், 1970-களில் 'சக்தி' குழுவில் ஜான் மெக்லாஃப்லின் அவர்களோடு வாசித்தார். சென்னையின் சிவமணி டிரம்ஸ் கருவியோடு எண்ணற்ற ஒலிப்பொருள்களைச் சேர்த்துத் திரையிசையிலும் மேடையிலும் புகழ்பெற்று, 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும் ரமேஷ் அவர்கள் தேர்ந்த தவில், மற்றக் கருவிகளினும் பெரிய தடையைக் கடக்க வேண்டியிருந்த கருவி.

அத்தடை யாது? அதனை மறைக்காமல் சொல்வது நம் கடமை. தவிலும் நாதசுவரமும் இல்லாமல் நம் வீட்டுத் திருமணம் நடைபெறாது. ஆனால் அவற்றை வாசித்த குலத்தாரை நெடுங்காலம் சமமாக உட்காரவைக்கவில்லை நம் சமூகம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற மாமேதைகள் தோன்றிய கலை அது. எனினும், 'என் மகன் தவில் கற்கிறான்' என்று பெருமையோடு சொல்லும் பெற்றோரை நம் குடியிருப்பில் காண்பது அரிது. மிருதங்கத்துக்குப் பட்டுப்பை; டிரம்ஸுக்குத் தனி அறை; தவிலுக்கு மண்டபத்தின் வாசல். தாலி கட்டும் நொடியில் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று விரலசைத்துக் கூவுகிறோம். அந்த நொடிக்கு முன்னும் பின்னும் அவர் என்ன வாசித்தார் என்று கேட்க நமக்கு நேரமில்லை, பந்திக்கு விரைகிறோம்.

கொலோன் நகரத்தில் ஒருவர் நுழைவுச்சீட்டு வாங்கிக் கேட்கும் கருவி, இங்கே கேட்க ஆளின்றி ஒலிக்கிறது. இதில் யாரையும் குறைகூறி இறங்குவது என் நோக்கமன்று. மேலைநாட்டார் புகழ்ந்த பிறகுதான் நம் பொருளை நாம் மதிப்போம் என்றால், அதுவும் ஓர் அடிமைத்தனமே. அவர்கள் புகழாவிட்டாலும் தவில் தவிலே. ரமேஷ் அவர்களைத் தவிலிடம் அழைத்துச் சென்றது வெளிநாட்டார் சான்றிதழ் அன்று. ராக் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே உள்ளத்தில் எழுந்த கேள்வியாகத்தான் அது இருந்திருக்க வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன வழக்கிற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் அல்லவா? தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகள் டிரம்ஸ் கேட்டால் மறுக்காதீர்கள். அதுவும் கலையே. அது சோறு போடுமா என்ற கேள்வி நியாயமானது, எல்லோர்க்கும் போடாது. எந்தக் கலையும் அவ்வாறே. ஆனால் நான்கு உறுப்புகளையும் ஒரு மனத்தால் ஆளும் பயிற்சியும், பிறர் வாசிப்பதைக் கேட்டுத் தன் ஒலியை அடக்கும் பண்பும் எந்தத் தொழிலிலும் வீண்போகா. அதே வேளையில், கோலைக் கையில் கொடுப்பதற்கு முன் சொற்கட்டை நாவில் கொடுங்கள். அதற்குச் செலவில்லை, கருவி வேண்டாம், அண்டை வீட்டாருக்கும் தொல்லையில்லை.

இளைஞர்களுக்கு ஒரு சொல். ஒன்றில் பெயர் வந்தவுடன் கற்றது போதும் என்று எண்ணிவிடாதீர்கள். மேலை இசை கற்றால் நம் இசை போய்விடும் என்று அஞ்சவும் வேண்டா. நம் இசை கற்றால் பழமையில் சிக்கிவிடுவோம் என்று நாணவும் வேண்டா. ஒன்றை ஆழக் கற்றவனுக்கு மற்றொன்று பகையாவதில்லை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் பரதமும் வாய்ப்பாட்டும் கற்பிக்கிறோம். அடுத்த ஆண்டு தொடங்கித் தவிலுக்கு ஒரு வகுப்புத் திறப்போம். பெங்களூரில் கோயில்தோறும் தவில் வாசிப்போர் இருக்கிறார்கள். கன்னட நண்பர்கள் அதனை டோலு என்பர். அவர்களில் ஒருவரை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியமும் உரிய இருக்கையும் தருவோம். குலம் கேளாது, ஆண் பெண் என்று பாராது, விரும்பும் குழந்தை எவரையும் சேர்ப்போம். அவ்வகுப்பில் பத்துக் குழந்தைகள் சேர்ந்து, ஒன்பது பேர் இடையிலே நின்றுவிட்டாலும் கவலையில்லை. நிலைத்து நிற்கும் ஒரு குழந்தை போதும். நின்றுவிட்ட ஒன்பது பேரும், நாளை ஒரு திருமண மண்டபத்தில் தவில் ஒலிக்கும்போது, பந்திக்குப் போகும் காலைச் சற்றே நிறுத்திக் கேட்பார்கள். கலைக்குக் கலைஞர் வேண்டும், கேட்போரும் வேண்டும். இரண்டையும் வளர்ப்பது சங்கத்தின் பணி.